நாக்கடியில் ஒரு மிளகாய்

கினந்திக்குக் கல்யாணம் நிச்சயமான சேதி ஊரில் கடைசியாகத் தெரிந்தது கினந்திக்குத்தான்.

உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்க, கொல்லையில் தெம்பே புளிக்கவைக்கச் சோயாப் பயறை அலசிக்கொண்டிருந்தாள். ஜதிலான் குதிரையாட்டம் ஆடிய மறுநாள் எப்போதும் இப்படித்தான். மூங்கில் குதிரையை இடுக்கிக்கொண்டு ஆடியது நினைவிருக்கும். ஆட்டக் குழுவை நடத்தும் பவாங், பாக் சரங்கட், சாட்டையைச் சொடுக்கியது நினைவிருக்கும். அதற்கப்புறம் முகத்தில் தண்ணீர் விழுவதுதான். நடுவில் இந்த உடம்பு என்ன கூத்தடித்தது என்பதை ஊரார் சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்வாள். தேங்காயைப் பல்லால் உரித்தாயாம், ரோஜா இதழைத் தட்டுத் தட்டாக விழுங்கினாயாம் என்பார்கள். அவளும் யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டுச் சிரிப்பாள். மருள் ஏறிய உடம்பு செய்ததற்கு சும்பர்வாது ஊரில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

பக்கத்து வீட்டுத் துகினெம் இரண்டு சீப்பு ராஜா வாழைப்பழத்தோடு வேலியைத் தாண்டி வந்தாள்.

"என்னடி, இன்னும் பயறக் கழுவிட்டு உக்காந்திருக்க? மாமனார் வீட்டுல இதெல்லாம் செய்ய விடமாட்டாங்க உன்ன."

"யாரு மாமனாரு?"

"கேளுங்கடி கதைய! நேத்து அத்தன சனத்துக்கு முன்னாடி வாயத் தொறந்து சரின்னுட்டு, இன்னிக்கி யாரு மாமனாராம்!"

கினந்தி கையை உதறிவிட்டு எழுந்தாள். அடுக்களை வாசலில் அம்மா சுபினா நின்றிருந்தாள். அழுதிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பாக் சரங்கட்டோட மகன் பம்புடிக்கு உன்னக் கேட்டிருக்காங்கம்மா" என்றாள் அம்மா. "நியாயே உன் வாயால சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணு பவாங் வீட்டுக்குப் போகணும்னு."

நியாய் என்பவள் ஊர் ஊற்றில் குடியிருக்கும் ஆவி. யாரும் கண்டதில்லை, எல்லோரும் பேசக் கேட்டிருக்கிறார்கள், அதுவும் நாலைந்து வருஷமாகப் பெரும்பாலும் கினந்தியின் வாயால். கிணற்றை இடம் மாற்று என்றாள், மாற்றினார்கள். ஊர் வாசலுக்குப் பச்சை வண்ணம் பிடிக்கவில்லை என்றாள், ஊர்த்தலைவர் ஈரம் காயாத வண்ணத்தின் மேல் மஞ்சளைப் பூசினார். அப்போதெல்லாம் கினந்திக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இன்று இல்லை.

குழுவில் பாட்டுப் பாடும் பார்னியின் வீட்டுக்கு ஓடினாள். பார்னி கணவனை இழந்தவள். நாக்கு நீளம், மனசு அதைவிடப் பெரிது. ஆட்டம் முழுவதையும் அவள் கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்துப் படம் எடுத்திருந்தாள்.

படத்தில் கினந்தி மண்ணில் மல்லாந்து கிடந்தாள். கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாக் சரங்கட் மண்டியிட்டார், அவள் தலையை மடியில் வைத்தார், காதருகே குனிந்தார். பெரிய சேகண்டி அதிர்ந்தது. அவர் உதடு அசைந்தது, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து, "நியாய்! இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரலாமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். படத்திலிருந்தவள் "சரி" என்றாள். அவள் குரல்தான். சொன்னது தான்தான் என்று கினந்திக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

"கேக்கறதுக்கு முன்னாடி என் காதுல என்னமோ சொல்றாரு, அக்கா. அது என்ன?"

"எனக்கென்னடி தெரியும்? நான் பாடிட்டு இருந்தேன். மந்திரமா இருக்கும்."

"மந்திரத்துக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"

பார்னி படத்தைப் பின்னால் தள்ளி, அந்த இடத்தை மறுபடி ஓட்டினாள். 

அங்கிருந்து நேரே போனபோது, பாக் சரங்கட் தன் வீட்டில் மூங்கில் குதிரைகளைச் சுவரோரம் சாய்த்துச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தார். பவாங் என்றால் ஆளை மருளுக்குள் அனுப்புகிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அனுப்புவதை எவனும் செய்வான். திரும்பக் கூட்டி வருகிறவர்தான் பவாங். முதல்முறை மருள் ஏறியபோது கினந்திக்குப் பதினேழு வயது. இருட்டும் வரை அவள் திரும்பவில்லை. மற்றவர்கள் பயந்து விலகிப்போக, பாக் சரங்கட் அவள் தலையை மடியிலேயே வைத்துக்கொண்டு பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் விழித்ததும் சர்க்கரை அள்ளிப்போட்ட தேநீரைக் கரண்டியால் ஊட்டினார். ஊரில் பெரியவர்கள் எல்லோருமே பாக், அதாவது அப்பா, என்றாலும், இறந்துபோன அப்பாவுக்கு அடுத்து அவள் நம்பியது அவரைத்தான். மருளுக்குள் போவது என்பது, முன்னால் இருப்பவரைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தூங்கிப்போவது மாதிரி. ஓட்டுகிறவரை நம்பினால்தான் தூக்கம் வரும்.

"பாக், என் காதுல என்ன சொன்னீங்க?"

"எப்பவும் சொல்றதத்தான் கண்ணு. இறங்கி வா தாயேன்னு சொன்னேன்."

"நான் சம்மதிக்கல."

"நீ எங்க சம்மதிச்ச? உன்ன யாரு கேட்டா?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "வாய் உன்னுது, வார்த்த அவளுது. அவ வார்த்தைய மறுக்க நான் யாரு, நீ யாரு? எங்க வீட்டுல உனக்கு என்ன குறை வரப்போவுது சொல்லு. எனக்கப்புறம் இந்தக் குழுவ யாரு பாப்பா? நீ வேற ஊர்ல வாக்கப்பட்டுப் போயிட்டா, நியாய் யாரு மேல வருவா?"

கடைசி இரண்டு கேள்வியும் கினந்தியின் காதில் தைத்தன. திரும்பி நடந்தாள்.

வெளியே பம்புடி புறாக்கூண்டின் மேல் ஏறி நின்று, வானத்தைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தான். அவன் விசிலுக்கு அடுத்த குன்றிலிருந்தும் புறா திரும்பும். ஆட்டத்தில் மத்தளம் அவனுடையது. ஆட்டத்தன்று மட்டும் அவன் உதட்டைக் குவித்துக்கூடப் பார்க்கமாட்டான். காரணம் ஊருக்கே தெரியும். மருளில் இருப்பவர்களுக்கு விசில் ஆகாது. விசில் கேட்டால் வெறிபிடித்து, அடித்தவனைத் தேடிப் பாய்வார்கள். ஆட்டம் தொடங்குமுன் பாக் சரங்கட் ஒலிபெருக்கியில் சொல்லும் முதல் எச்சரிக்கையே அதுதான்.

"பம்புடி, உன்னக் கேட்டாங்களா?"

"என்னையா? நான் மத்தளத்துல இருந்தேன். சேகண்டிச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல. ராத்திரி சாப்பிடறப்ப அப்பா சொன்னாரு."

"உனக்கு இஷ்டமா?"

அவன் கீழே பார்த்தான், மேலே பார்த்தான். "நியாய் சொல்லிட்டாங்கன்னா நான் என்ன..."

"நீ என்ன புறாவா? யாரு விசிலடிச்சாலும் வந்து உக்காந்துக்குவியா?"

பம்புடியின் காது சிவந்தது. அவன் கெட்டவனில்லை, அவளுக்கு அவன்மேல் வெறுப்பும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. வெறுத்திருந்தால் ஊருக்குக் காரணம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் "வேற எவனையோ மனசுல வெச்சிருக்கா" என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. எவனும் இல்லாமல் ஒருத்தி மாட்டேன் என்பாள் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

ஊர்த்தலைவர் பாக் வாகியோ சண்டையைக் கண்டால் காபி போடச் சொல்லும் ஆள். கினந்தி பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை காபி வந்துவிட்டது.

"நீ சொல்றது புரியுதும்மா. ஆனா நியாய் சொன்னத நான் எப்படி இல்லேங்கறது? அவங்களே மாத்திச் சொன்னா உண்டு."

"அப்ப திரும்பக் கேளுங்க. அறுப்பு முடிஞ்சு ஊர் கழுவற விழாவுல, எல்லாரும் இருக்கறப்ப. பவாங்கே கேக்கட்டும்."

பாக் வாகியோவின் முகம் தெளிந்தது. முடிவைத் தன் தலையிலிருந்து இறக்கி ஆவியின் தலையில் வைப்பதென்றால் அவருக்கு எப்போதும் சந்தோஷம். பாக் சரங்கட்டுக்கும் ஆள் போனது. அவர் தயங்கவே இல்லை, தாராளமாகக் கேட்கலாம் என்றார். தாராளமாகத்தான் சொல்வார், காதும் வாயும் அவர் மடியில்தானே இருக்கப் போகின்றன.

பார்னி இதைக் கேட்டுத் தொடையில் தட்டினாள்.

"அடி கெட்டிக்காரி! மருள் ஏறின மாதிரி நடிச்சு, அவரு கேக்கறப்ப நியாய் குரல்ல 'முடியாது'ன்னு ஒரு போடு போடு. முடிஞ்சுது கத. ஒருத்தனும் மூச்சு விடமாட்டான்."

"நடிக்கத்தான் போறேன். முழிச்சுட்டே கிடந்து அவரு என்ன சொல்றாருன்னு கேக்கப் போறேன். ஆனா நியாய் பேரச் சொல்லி மறுக்கமாட்டேன்."

"ஏண்டி? வேணாம்னு யாரு சொன்னா என்ன, காரியம் ஆனா சரி."

"காரியம் ஆகாது, அக்கா. இன்னிக்கி நியாய் வேணாம்னா, நாளைக்கி இன்னொருத்தனுக்கும் நியாய்கிட்டதான் கேப்பாங்க. நான் ஒருத்தன ஆசப்பட்டு சரின்னாலும் நியாய்கிட்டதான் கேப்பாங்க. அப்புறம் என் வாய்க்கு என்னதான் வேல? திங்கறதுக்கு மட்டுமா?"

பார்னி அவள் கையைப் பிடித்தாள். "முழிச்சுட்டுக் கிடந்தா சாட்ட வலிக்கும்டி" என்றாள் மெதுவாக. "தேங்காமட்ட ஈறக் கிழிக்கும். நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்."

"வலிச்சா வலிக்கட்டும்."

அதன்பிறகு கினந்தி பார்னியின் கைப்பேசியை வாங்கிவந்து, பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துப் படித்தாள். தன்னைப்போலவே நடிக்கத் தன்னையே பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தோள் முதலில் துடிக்கிறது, பிறகு தாடை. எழும்போது இடது கையை ஊன்றுகிறாள். வேண்டியதைக் கேட்கும்போது வாயால் கேட்பதில்லை, கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறுகிறாள். இத்தனை நாள் இது என்னோடு குடியிருந்திருக்கிறது, எனக்கு அறிமுகமே இல்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள்.

வலி அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் மருளைப் பற்றித்தான். அந்த மத்தள அடி காதில் விழுந்தால் அவள் உடம்பு தானாகப் போய்விடும், எத்தனை வருஷத்துப் பழக்கம். போய்விட்டால் மறுபடியும் "சரி"தான். பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். சம்பால் சட்னி அரைக்கும்போது கண்ணில் மிளகாய்க் கை பட்டு, ஊரைக் கூட்டினாள் ஒருநாள். அப்படியே நின்றுபோய், கையிலிருந்த ஊசி மிளகாயைப் பார்த்தாள்.

விழா நாளில் ஊர் மொத்தமும் ஊற்றுக்கு எதிரே இருக்கும் திடலில் கூடியது. அறுப்பு முடிந்த வயல், சுற்றிலும் சுண்ணாம்புக் குன்று, பொரித்த தெம்பேயும் வேகவைத்த மரவள்ளியும் விற்கும் தட்டுக் கடைகள். பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் பாங்கு முடியும்வரை வாத்தியங்கள் மௌனமாக இருந்தன. முடிந்ததும் பாக் சரங்கட் ஒலிபெருக்கியைத் தட்டி, "யாரும் விசிலடிக்கக் கூடாது. அடிச்சா நான் பொறுப்பில்ல" என்றார். பம்புடி மத்தளத்தின் பின்னால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

குதிரைகள் வரிசையாக ஆடின. முதலில் இரண்டு பையன்கள் சாய்ந்தார்கள், அடுத்து ஒரு பெண். பாக் சரங்கட் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு கினந்தியிடம் வந்தார். அவர் கண்ணில் வழக்கமான கனிவு இருந்தது. அதைப் பார்த்தபோது, எல்லாம் தன் கற்பனையாக இருந்துவிடாதா என்று ஒரு கணம் அவள் ஏங்கினாள். சாட்டை வெடித்தது. அவள் நாக்கடியில் அடக்கியிருந்த மிளகாயைக் கடித்தாள்.

தோளை முதலில் துடிக்கவிட்டாள், பிறகு தாடையை. விழுந்தாள்.

நாக்கடியில் தீப்பிடித்தது. மத்தளமோ உள்ளே வா, உள்ளே வா என்று அடித்தது. கண்ணுக்குள் அந்த இதமான இருட்டு வந்து நின்றது, ஒரு அடி வைத்தால் போதும். அவள் அதை எவ்வளவு நேசித்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்று மிளகாயை இன்னும் நசுக்கினாள். கண்ணீர் வழிந்தது. மருளில் கண்ணீர் வழிவது வழக்கம்தான், யாரும் சந்தேகப்படவில்லை.

சாட்டை கெண்டைக்காலில் விழுந்தது. பார்னி சொன்னது பொய்யில்லை. அலறல் தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். சாட்டை மறுபடி விழுந்தபோது, இடது கையை ஊன்றி எழுந்து, சிரித்தாள், படத்தில் இருந்தவள் சிரித்த மாதிரியே. தேங்காயைக் கொடுத்தார்கள். பல்லை மட்டையில் பதித்து இழுத்தாள். ஈறும் உதடும் கிழிந்தன, வாயில் உப்புக் கரித்தது, மிளகாய் அந்தப் புண்ணில் புகுந்தது. கூட்டம் ஆரவாரித்தது. இத்தனை வருஷமும் இந்த வலி எங்கே போயிற்று, யார் பட்டார்கள் என்று அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினாள், ரோஜா இதழ் வந்தது. அதைத் தின்றபோது மட்டும் கொஞ்சம் சுகமாக இருந்தது.

மற்ற மூவரும் ஒவ்வொருவராக மருளிலிருந்து இறக்கப்பட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். திடலின் நடுவில் கினந்தி மட்டும் மல்லாந்து கிடந்தாள். பாக் சரங்கட் மண்டியிட்டார். அவள் தலை அவர் மடிக்கு ஏறியது. சட்டையில் கிராம்புச் சுருட்டு வாசனை. பதினேழு வயதில் அவள் கண் விழித்ததும் முதலில் உணர்ந்த வாசனை அதுதான்.

சேகண்டி அதிர்ந்தது. அவர் குனிந்தார்.

"கண்ணு, நான் பேசறது கேக்குதா? எங்கயோ தூரத்துல இருக்க நீ. இருட்டா இருக்குல்ல? பயமா இருக்கா? நான் இங்கதான் இருக்கேன். கேப்பேன், சரின்னு சொல்லு. சொன்னாத்தான் உன்னத் திரும்பக் கூட்டிட்டு வருவேன். சொல்லலேன்னா அங்கயே விட்டுருவேன்."

எவ்வளவு மென்மையாகச் சொன்னார்! குழந்தைக்குச் சோறூட்டும் குரல். கினந்திக்குச் சாட்டையும் தேங்காய் மட்டையும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. போன தடவை அந்த இருட்டுக்குள் தனியாக நின்று, இதைக் கேட்டுத்தான் "சரி" என்றிருக்கிறாள். பாவி மனுஷன். நம்பியவளை நடுக்காட்டில் இறக்கிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான்.

அவர் நிமிர்ந்தார். "நியாய்! ஊர் திரும்பக் கேக்குது. இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரலாமா?"

 பாட்டுக்காரர்கள் நடுவிலிருந்து பார்னி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரகரத்த குரலில் "முடியாது" என்றால் போதும். ஊர் அப்படியே விழுந்து கும்பிடும். ஒரே சொல். கினந்தியின் நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது, வலித்த உடம்பும் அதைத்தான் கெஞ்சியது.

அவள் மிளகாயைத் துப்பினாள். அவர் மடியிலிருந்து உருண்டு எழுந்தாள்.

"நான் கினந்தி. சுபினாவோட மக. எனக்கு இன்னிக்கி மருள் ஏறவே இல்ல. முழிச்சுட்டேதான் கிடந்தேன். இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கல. நான்தான் சொல்றேன், நியாய் இல்ல."

 வாயோரம் ரத்தம், தலைவிரி கோலம், கண் செக்கச்சிவப்பு. யார் கண்ணுக்கும் அவள் முழித்திருக்கிறவளாகத் தெரியவில்லை.

"பிடிங்க!" என்றார் பாக் சரங்கட். "வேற ஏதோ ஆவி புதுசா வந்திருக்கு. இறங்கல அவ இன்னும்!"

பிடிப்பதற்கென்றே இருக்கும் ஆட்கள் ஓடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், எத்தனையோ முறை அவள் விழும்போது தலை அடிபடாமல் தாங்கியவர்கள். தோளை, கையை, இடுப்பை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா! நான்தான்டா பேசறேன்!"

"ஆமாக்கா, ஆமாக்கா" என்றான் ஒருவன், பேய்க்குத் தாலாட்டுப் பாடுகிறவன் மாதிரி.

கினந்திக்கு உலகமே இருண்டது. இதை அவள் யோசித்தே பார்க்கவில்லை. தூங்குகிறவள் மாதிரி நடிப்பது எப்படி என்று படித்தாளே தவிர, விழித்திருப்பவள் என்று காட்டுவது எப்படி என்று படிக்கவில்லை. கத்தினால் மருள், அழுதால் மருள், திமிறினால் பெரிய மருள். பாக் சரங்கட் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார். தண்ணீரைத் தெளித்து, இதோ இறங்கிவிட்டாள் என்று சொல்லிவிட்டால், அவள் பேசியதெல்லாம் ஏதோ ஒரு வழிப்போக்கு ஆவியின் உளறலாகிவிடும்.

அவள் திமிறுவதை நிறுத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"விசிலடிங்க" என்றாள்.

பிடித்தவர்களின் கை தளர்ந்தது.

"எல்லாரும்தான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே. மருள்ல இருந்தா நான் பாய்வேன். மத்தவங்க இறங்கிட்டாங்க, நான் ஒருத்திதான் மிச்சம். பாஞ்சேன்னா கட்டிப்போட்டு, நாளைக்கே கல்யாணம் பண்ணி வைங்க. அடிங்க விசில. இவனுங்களும் என்ன விட்டுட்டுத் தள்ளி நிக்கட்டும்."

"வேணாம்!" என்று கத்தினார் பாக் சரங்கட். "யாரும் அடிக்காதீங்க! ரத்தம் பாத்துரும்!"

பிடித்தவர்கள் விட்டுவிட்டு விலகினார்கள். அவள் பேச்சைக் கேட்டல்ல, பயத்தில். முன்வரிசைப் பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். கூட்டத்தில் ஒரு உதடுகூடக் குவியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த எச்சரிக்கையை யார் மீறுவார்கள்? கினந்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். துகினெம் தலையைக் குனிந்துகொண்டாள். பாக் வாகியோ எங்கோ காபி இருக்கிறதா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபினா வந்தாள். மகளுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றாள். உதட்டைக் குவித்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது. அந்த அம்மாள் வாழ்நாளில் விசிலடித்தவளில்லை. கண்ணில் நீர் பெருக மறுபடி ஊதினாள், மறுபடியும் காற்றுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது மத்தளத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பியது அந்த விசில். நீளமாக, வளைந்து ஏறி, குன்றில் முட்டித் திரும்பியது. ஊரில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. பம்புடி எழுந்து நின்றிருந்தான். இரண்டு விரலை வாயில் வைத்து, அப்பாவைப் பார்க்காமல், மூச்சுத் தீரும்வரை அடித்தான். தீர்ந்ததும் இழுத்து மறுபடி அடித்தான். அவன் வீட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் படபடவென்று கிளம்பித் திடலுக்கு மேலே வந்து சுற்றின.

கினந்தி நின்ற இடத்தில் நின்றாள். ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை. அம்மா கை எட்டும் தூரத்தில் இருந்தாள், அவள்மீதும் பாயவில்லை, விசிலடித்தவன்மீதும் பாயவில்லை.

விசில் நின்றது. பம்புடி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "என்னையும் யாரும் கேக்கல" என்றான், யாரிடம் என்றில்லாமல். உட்கார்ந்துகொண்டான்.

பாக் வாகியோவுக்கு இனி ஒளிய இடமில்லை. தொண்டையைச் செருமினார். "கினந்தி, நீ என்னம்மா சொல்ற?"

இத்தனை நாளில் அவளை அவள் பேர் சொல்லி முதலில் கேட்டவர் அந்தக் கோழை மனிதர்தான். அதற்காகவே அவரை மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்குச் சம்மதம் இல்ல."

"சரி" என்றார் அவர். "அவளுக்குச் சம்மதம் இல்ல" என்று ஊரைப் பார்த்தும் சொன்னார்.

கினந்தி பாக் சரங்கட்டிடம் திரும்பினாள். ஒலிபெருக்கி அவர் காலடியில் கிடந்தது, அவள் அதை எடுக்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்டால் போதும். ஆனால் திடல் இருந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"சரின்னு சொல்லலேன்னா அங்கயே விட்டுருவேன்னு சொன்னீங்க. நான் கேட்டேன், பாக்."

கிழவர் மறுக்கவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "விட்டிருக்க மாட்டேன் கண்ணு" என்றார். "உன்ன எப்படி விடுவேன். சும்மா சொன்னது."

"எனக்குத் தெரியாதே. அங்க இருந்தவளுக்கு நீங்க சும்மா சொல்றீங்கன்னு எப்படித் தெரியும்?"

அவர் அழுதார். அவளுக்கும் அழுகை வந்தது. அவர்மேல் இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது. அந்த இதமான இருட்டு இனி அவளுக்கு இல்லை. வேறொரு பவாங் கிடைக்கலாம், பத்து வருஷம் கழித்து நம்பிக்கையும் வரலாம், வராமலும் போகலாம். இந்த மடியில் இனி தலை சாயாது. இதற்கு அவர்தான் காரணம், அவளில்லை. அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

பழக்கதோஷத்தில் அவர் தண்ணீரை அள்ளித் தெளிக்கக் கையைக் கிண்ணத்தில் விட்டார். கினந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தானே அள்ளி முகத்தில் அடித்துக் கழுவினாள். தண்ணீர் கிழிந்த உதட்டில் பட்டது.

"எரியுது" என்றாள் சத்தமாக.

சுபினா முந்தானையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.